செத்த தொலைபேசியை நம்பினேன்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிவரை படித்தவன் நான் ஒருவன்தான். இறுதித் தேர்வு முடிந்ததும் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலைக்கு விண்ணப்பித்தேன். நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் எங்களுக்குத் தொலைபேசி இல்லாததால் பாய் சாப்பாட்டுக் கடை எண்ணைக் கொடுத்தேன். அந்த வாரமே கடைத் தொலைபேசி செத்துப்போனது.

“போன் ஆபீஸ்ல சொல்லியாச்சு தம்பி. கேட்டா எசோக், எசோக்குன்றானுங்க, நாளைக்காம். அவனுங்களுக்கு அந்த நாளைக்கு வரவே வராதுலா!” என்றார் பாய்.

அழைப்பவர்களுக்கே பழுது தெரிந்துவிடும் என்று நானும் இருந்துவிட்டேன்.

மறுநாள் நண்பன் செல்வத்தோடு ஈப்போவுக்குப் படம் பார்க்கப் போனேன். சரியாகிவிட்டதா பார்ப்போமென்று, பஸ் நிலையத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து கடைக்கு அழைத்தேன். மணி நன்றாக அடித்தது. யாரும் எடுக்கவில்லை. கடைக்கு அடுத்த வீட்டுக்காரர் அப்போதுதான் பஸ்ஸில் வந்திறங்கினார். கேட்டேன். “அது இன்னும் செத்துத்தான் கெடக்கு,” என்றார்.

செத்துக் கிடந்தாலும் அழைப்பவர் காதில் மணி அடிக்கத்தான் செய்கிறது. தொழிற்சாலைக்காரர்களுக்கும் இப்படித்தானே கேட்டிருக்கும்!

“மச்சான், படம் போட்ருவான்லா!” என்றான் செல்வம்.

“நீ போ, நான் வரல.”

உடனே தொழிற்சாலைக்கு அழைத்தேன். கடைக்கு இரண்டு முறை அழைத்தும் யாரும் எடுக்காததால் என் பெயரை விட்டுவிட்டதாக அங்கே எழுத்து வேலை பார்க்கும் கிராணியம்மா சொன்னார். கெஞ்சியதும், மறுநாள் காலை நேர்முகத்துக்கு வரச் சொன்னார்.

போய் வந்தேன். முடிவு இன்னும் தெரியவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நான் அழைப்புக்குக் காத்திருப்பதில்லை. வாரந்தோறும் நானே கூப்பிட்டுக் கேட்கிறேன். அந்த அம்மாவுக்கு என் பெயரைச் சொல்ல வேண்டியதேயில்லை, குரலே போதும்.