நான் சேர்த்த ஒரு வரி

2006 வாக்கில் நடந்தது இது. காரைக்காலில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கோவில்பத்திலிருந்து பைக்கில் போய்வந்தது போக, மிச்ச நேரமெல்லாம் ஒரு பழைய எடிட்டரோடு கழியும். லினக்ஸில் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருள் அது. எந்த விசைக்கு என்ன வேலை என்று நாமே அதற்குச் சொல்லிக்கொடுக்கலாம். அதை விண்டோஸிலும் ஓடவைத்து, இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

மையத்துக்கு அடுத்த கட்டடத்தில் என் வயதுடைய பெண் ஒருவர் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு செய்துவந்தார். பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்கும் குடும்பங்களின் சான்றிதழ்கள் அவரிடம்தான் வரும். தன் லினக்ஸ் மெஷினில் அதே எடிட்டரில், ஒரு விசையைத் தட்டினால் முழுப் பத்தியும் பிரெஞ்சில் வந்து விழும்படி ஆறு வருடமாகச் சேர்த்துவைத்திருந்தார். எல்லாம் ஒரே ஃபைலில். அவர் விண்டோஸ் மெஷின் வாங்கியபோது நான் ஓடவைத்த எடிட்டரைப் போட்டுக்கொடுத்தேன். பழைய மெஷினை விற்றுவிடலாம் என்று சொன்னதும் நான்தான். விற்றும்விட்டார்.

மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம் கூப்பிட்டார். சேமிக்கும்போது கரன்ட் போயிருக்கிறது. வந்ததும் திறந்தால் ஃபைல் இல்லை.

"யு.பி.எஸ். வாங்கச் சொன்னேனேங்க" என்றேன்.

"பழைய மெஷினுக்கும் அது கெடையாது சார். எத்தனையோ தடவ கரன்ட் போயிருக்கு. ஒரு தடவகூட ஃபைல் போனதில்ல."

சுருக்கென்றது. வீட்டுக்குப் போய் நிரலைப் பிரித்துப் பார்த்தேன். லினக்ஸில் எடிட்டர் புதிய பிரதியை வேறு பெயரில் எழுதி, பிறகு பழையதன் இடத்தில் ஒரே அடியாக வைத்துவிடும். விண்டோஸில் பழையது இருக்கும்வரை அது நடக்கவில்லை. அதனால், புதியதை எழுதும் முன்பே பழையதை அழித்துவிடும்படி நான் ஒரு வரி சேர்த்திருந்தேன். பழையது அழிந்து, புதியது முழுதாகப் பதிவதற்குள் கரன்ட் போயிருக்கிறது.

மறுநாள் போய், என் தப்புதான் என்று சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"இந்த எடிட்டர வேற யாரும் வச்சிருக்காங்களா சார்?" என்று கேட்டார்.

"நெட்லேருந்து சில பேர் எடுத்திருக்காங்க. புது வெர்ஷன் போட்டுடுறேன். சரியாப் போயிடும்."

"புதுசு போட்டா, பழசுல என்ன தப்புன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குச் சொன்ன மாதிரி சொல்லிடுங்க."

சத்தமில்லாமல் திருத்திவிடத்தான் நினைத்திருந்தேன். அன்றே, நடந்ததை அப்படியே எழுதி இணையத்தில் போட்டேன். அடுத்த நாலு ஞாயிற்றுக்கிழமையும் அவருடைய பழைய அச்சுப் பிரதிகளை நான் எழுத்துக்கூட்டி வாசிக்க, அவர் தட்டினார். பாதிதான் திரும்பக் கிடைத்தது.

யாரும் என்னைத் திட்டி எழுதவில்லை. எங்கிருந்தோ ஒருவர் மட்டும் எழுதியிருந்தார். அவருடைய ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் இப்படித்தான் காணாமல் போனதாம். தானே கைதவறி அழித்துவிட்டதாக ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாராம். என் தவற்றை முகம் தெரியாத ஒருவர் தன்னுடையதென்று சுமந்திருக்கிறார் என்பது, இப்போதும் நான் எழுதிய எதையாவது பிறர் கையில் கொடுக்கும்போது என்னை ஒரு கணம் நிறுத்திவைக்கிறது.