பெயரை விட்டேன், ஊரை எழுதினேன்

ஒரு பெண்ணை நான் காட்டிக்கொடுத்தேன். தெரிந்தேதான் செய்தேன்!

இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுரையைப் படித்துப் பாராட்டியவர்கள் நீங்கள்தானே?

பண்டைய ரோமின் பரத்தையர் பற்றி, லண்டன் தமிழ் வார இதழ் ஒன்றில் எழுதினேன். எத்தனை செய்திகள்! குடும்பப் பெண்ணுக்கு ஓர் உடை; விலைமகளுக்கோ ஆண்களின் மேலாடை. அவள் வருமானத்தில் வரி வாங்கிய அரசே அவளை இழிந்தவள் என்றது. தொழிலை விட்ட பிறகும் சட்டத்தின் கண்ணில் அந்த இழிவு நீங்காது. அவளிடம் போனவனுக்கு ஒன்றுமில்லை! விரல்கள் பறந்தன...

ஆனாலும் ரோம் தொலைவில் கிடந்தது. கட்டுரைக்கு இன்றைய லண்டனும் வேண்டும் என்று தோன்றியது. விசாரித்து அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தேன். கணவன் விட்டுப் போனபின், விசாவும் இல்லாமல், கிழக்கு லண்டனின் அப்டன் பார்க் பகுதியில் ஒரு கடைக்கு மேலிருந்த அறையில் சில காலம் அந்தத் தொழிலைச் செய்தவள். இப்போது முதியோர் இல்லத்தில் வேலை. செவன் கிங்ஸில் மகளோடு வாழ்கிறாள். யாரிடமாவது சொல்லி ஆற வேண்டும்போல் இருந்திருக்கும். எல்லாவற்றையும் சொன்னாள்.

"பேர் மட்டும் போட்டிடாதேங்கோ அண்ணை. பெட்டைக்குச் சாமத்தியவீடு வருது. நீங்களும் வரவேணும்."

"சத்தியமாய்ப் போடமாட்டன், தங்கச்சி."

போடவில்லை. அவளுடைய ஊரின் பெயரைப் போட்டேன்.

நம்மவர்கள் ஒருவரையொருவர் கண்டதும் முதலில் கேட்பது ஊரைத்தான். ஊரும், ஓடிப்போன கணவனின் கதையும் கிடைத்தால் தேநீர் ஆறுமுன் ஆளைப் பிடித்துவிடுவோம். எனக்குத் தெரியாதா என்ன? முதலில் 'யாழ்ப்பாணத்துச் சிற்றூர்' என்றுதான் எழுதினேன். அடித்துவிட்டு ஊரின் பெயரைப் போட்டதும் அந்த வரி எழுந்து நின்றது! இன்று படித்தாலும் சிலிர்க்கிறது... அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதழ் வெளிவந்த அன்றே நண்பன் அழைத்தான்.

"டேய், ஆளைப் பிடிச்சிட்டம்! அந்த ஓடினவன்ர மனிசியெல்லே? என்ன எழுத்தடா உன்ர!"

நானும் சிரித்தேன்.

மகள் பெரியவளானதற்கான அந்தச் சாமத்தியவீட்டுக்குப் போனேன். வெள்ளை உறை போட்ட நாற்காலிகள், வரிசை வரிசையாக. உட்கார ஆளில்லை! படம்பிடிக்க வந்தவர் கேமராவைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்றார். மேடையில், நகைகளின் பாரத்தோடு, அந்தச் சிறுமி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாய் என்னருகே வந்தாள். அழவில்லை.

"என்னட்ட வந்த ஆம்பிளையளின்ர ஊருகளும் சொன்னனான்தானே அண்ணை. அதுகளை ஏன் எழுதேல்லை?"

அவற்றில் ஒன்று என் ஊர். அன்று அவள் சொன்ன அடையாளத்திலேயே எந்த வீட்டு ஆள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே எழுதுவதை நிறுத்தியிருந்தேன். என் ஊரை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

பதிலுக்குக் காத்திருந்துவிட்டு அவள் சொன்னாள்: "சரி, சாப்பிட்டிட்டுப் போங்கோ. சாப்பாடு நிறையக் கிடக்குது."

சாப்பிட்டேன்.