ஆண்டாப் ஹில்லுக்குத் திரும்பிய ஓணான்கள்

ஆண்டாப் ஹில் சரிவில் ஒரு முள்காடு இருந்தது. காடு என்பது சற்று மிகை. ஒரு பக்கம் பஸ் ரோடு, ஒரு பக்கம் கிடங்குச் சுவர், மற்ற இரண்டு பக்கமும் குடிசைகள். நடுவில் உண்ணிச்செடியும் கருவேலமும் மண்டிய மேடு. கல்லூரியில் விலங்கியல் கற்பித்த என் மனைவி, எண்பதுகளின் முதல் பாதியில் தன் ஞாயிற்றுக்கிழமைகளை அங்கே ஓணான்களை எண்ணுவதில் கழித்தாள். எனக்குப் பத்திரிகை வேலை, ஞாயிறு விடுமுறை. ஓணான் பிடிக்க நுனியில் சுருக்குக் கட்டிய மூங்கில் கழியைத் தூக்கிக்கொண்டு செம்பூரிலிருந்து நானும் போவேன்.

அவளுடைய ஆராய்ச்சிக் கேள்வி எளிமையானது. நகரம் இப்படித் துண்டாக்கிவிட்ட இடத்தில் ஓணான்கள் அற்றுப்போனால், வெளியிலிருந்து வேறு ஓணான்கள் தாமாக வந்து சேருமா? ஒப்பிட்டுப் பார்க்க டிராம்பேயில், உப்பங்கழி ஓரமாக இன்னொரு பெரிய புதர்க்காட்டை வைத்திருந்தாள். பிடித்த ஓணானின் ஒரு விரல் நுனியைக் கத்தரித்து விட்டுவிடுவாள். ஆண்டாப் ஹில் என்றால் முன்னங்கால், டிராம்பே என்றால் பின்னங்கால். டிராம்பேயில் எண்ணிக்கை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஆண்டாப் ஹில்லில் ஒவ்வொரு வருடமும் இறங்கியது.

சரிவின் கீழே, பிழைக்க வந்து குடியேறிய திருநெல்வேலிக்காரர்கள் அம்மன் கோயில் கட்டியிருந்தார்கள். கோடையில் அம்மனுக்குக் கொடை விழா நடத்துவார்கள். அதற்கு முன் கோயிலைச் சுற்றிப் புல்லைச் செதுக்கித் தீ வைப்பது வழக்கம். ஒரு வருடம் காற்று மாறியது. மேடு முழுவதும் எரிந்தது.

சாம்பலில் நின்றுகொண்டிருந்த என் மனைவியை, கடைசிக் குடிசைக்காரி பார்த்துக்கொண்டே இருந்தார். எங்களுக்கு எப்போதும் தண்ணீர் தருபவர்.

"என்ன டீச்சரம்மா, எழவு வீட்டுல நிக்காப்புல நிக்கிய?"

"ஓணானெல்லாம் போயிடுத்து அக்கா. ஒண்ணுகூட இல்ல."

"இதுக்கா? எங்க ஊர்ல அதைக் கண்டா கல்லெடுத்துல்லா எறிவோம்!" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

மழை வந்தது, புதர் தழைத்தது. மாதக்கணக்கில் ஓர் ஓணான்கூடக் கண்ணில் படவில்லை. வெளியிலிருந்து எதுவும் வராது என்ற முடிவை நோக்கி அவள் நகர்ந்துகொண்டிருந்தாள். அதைச் சொல்ல அவளுக்கு இஷ்டமே இல்லை என்பதும் தெரிந்தது.

குளிர் குறைந்த ஒரு ஞாயிறு காலை, வேலிக் கம்பத்தில் ஓர் ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. கருவேலத்தில் இன்னொன்று. கல் மேல் ஒன்று. என் கையை அவள் அழுத்திப் பிடித்தாள். ரோட்டைத் தாண்டி, சுவரைத் தாண்டி வந்திருக்கின்றன! நாலைந்து வருட உழைப்பு நினைத்ததற்கு நேர்மாறாக முடியப்போகிறது என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலில் சிக்கியதைக் கையில் எடுத்துப் புரட்டினாள். பிறகு அதன் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"என்ன?" என்றேன்.

"பின்னங்கால். இங்க பாருங்கோ, பின்னங்கால்."

டிராம்பே ஓணான். ரயில் பாதையையும் நெடுஞ்சாலையையும் செம்பூரையும் அது நடந்து கடந்திருக்க முடியாது.

அதற்குள் குடிசைக்காரி சொம்புத் தண்ணீரோடு மேலேறி வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்துட்டியளா? நாங்களே சொல்லணும்னு இருந்தோம். டிராம்பேல, சீத்தா கேம்ப்ல எங்க கொழுந்தன் இருக்காருல்லா, அவருதான் பிடிச்சாரு. சின்ன வயசுல சுருக்கு வச்ச கை, மறக்குமா? சாக்குல கட்டி பஸ்ல கொண்டாந்தாரு. கண்டக்டரு என்னன்னு கேட்டதுக்கு, கருவாடுன்னுட்டாராம். சாக்கு துள்ளுதேன்னு அவன் கேக்க, பிரெஷ் கருவாடுன்னு இவரு சொல்ல!"

கீழே நின்ற பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். என் மனைவி ஓணானைக் கம்பத்திலேயே விட்டாள்.

"எத்தனை தடவை கொண்டுவந்தார் அக்கா?"

"அது யாரு கணக்கு வச்சா? நாலஞ்சு ஞாயித்துக்கெழம இருக்கும். நம்மாளுக வச்ச தீயில போனதுதான, நாமதான குடுக்கணும். இப்பம் போதுமா, இன்னும் வேணுமா?"

"போதும் அக்கா. ரொம்ப போதும்."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "விரல் வெட்டாததும் அதுல நிறைய இருக்கும். இனிமே எது தானா வந்தது, எது சாக்குல வந்ததுன்னு யாராலும் சொல்ல முடியாது."

அவர்களிடம் கடைசிவரை அவள் இதைச் சொல்லவில்லை. அந்த வருடக் கொடைக்கு முன், டீச்சரம்மாவுடைய ஓணான்கள் இருக்கின்றன என்று கோயில் கமிட்டியோடு சண்டை போட்டு, மேட்டுப் பக்கம் தீ வைக்காமல் தடுத்தார் அந்தப் பெண்.

சாக்கு விஷயம் தெரிந்ததற்கு அடுத்த ஞாயிறே நாங்கள் டிராம்பே பஸ்ஸில் ஏறியிருந்தோம். உப்பங்கழியோரக் கம்பிவேலியில் வழக்கமாக ஓணான்கள் வெயில் காயும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தோம். கம்பங்கள் வெறுமையாக இருந்தன. கொழுந்தன் கைதேர்ந்தவர்தான். அவள் மூங்கில் கழியை என்னிடமிருந்து வாங்கி, நுனியிலிருந்த சுருக்கை அவிழ்த்தாள்.