உறவுகளை எழுத்து வரிசையில் நிறுத்தியவள்

புரோகிராம் எழுதும் தொழிலில், நாம் தனியாக உட்கார்ந்து செய்த தப்பை மெஷின் ஊர் கூடிய இடத்தில்தான் சொல்லும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு தலையில் கைவைத்திருக்கும் சக பாவிகளே, தொண்ணூறுகளில் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் பட்ட வெட்கத்தைக் கேளுங்கள். உங்கள் பாடு கொஞ்சம் லேசாகத் தெரியும்.

முதல் ஆளைக் காணோம்

வள்ளியூரில் இரும்புக்கடை வைத்திருந்த சுடலைமுத்து அண்ணாச்சிக்கு ஓர் ஆசை. மகள் கல்யாணத்தில் சொந்தக்காரர்களை கம்ப்யூட்டர் பார்த்து மைக்கில் மேடைக்குக் கூப்பிட வேண்டும். ஊரில் யாரும் செய்யாததாக இருக்க வேண்டும். எங்கள் முதலாளி தலையாட்டிவிட்டு வேலையை என்னிடம் தள்ளினார். 'உறவு' என்று ஒரு பெயர் வைத்து, அதன்கீழ் இடங்களுக்கு எண் கொடுத்து, அண்ணாச்சி சொல்லச் சொல்ல ஆட்களை உட்காரவைத்தேன். ரயில் பெட்டியில் இருக்கை எண் போடுவது மாதிரிதான்.

ஓட்டிப் பார்த்தால், அவர் முதலில் சொன்ன வேலாயுதத்தையே காணோம். பெண்ணின் தாய்மாமன் அவர். மெஷின் இடங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். நான் ஒன்றிலிருந்து கூப்பிட்டிருந்தேன். கூட வேலை பார்த்த புன்னக்காயல் சேவியர் எட்டிப் பார்த்துச் சொன்னான்: "எக்கா, தாய்மாமனை விட்டுட்டுக் கல்யாணமா? வெளங்கிரும்!"

அழகுபடுத்தினேன்

அதைச் சரிசெய்ததோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அண்ணாச்சி சொன்ன வரிசை எனக்குத் தாறுமாறாகத் தெரிந்தது. மாமன், பெரியப்பா, நடுவில் ஓர் அத்தை, பிறகு சம்பந்தி வீட்டுச் சித்தப்பா. படித்த திமிர், வேறென்ன? பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் அடித்திருந்தேன். எல்லோரையும் அந்த எழுத்து வரிசைப்படி அடுக்கி, என்னை நானே மெச்சிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாண மண்டபத்தில் மணவறைக்குப் பக்கத்திலேயே மேஜை போட்டு, பூப்போட்ட துணி விரித்து மெஷினை வைத்திருந்தார்கள். திரையில் வரவர நான் மைக்கில் வாசித்தேன். முதல் பெயர் அப்பாதுரை. அண்ணாச்சியோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி. பத்திரிகை வைத்த கடமைக்கு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தவர். அவரே திகைத்துப்போய் மேடையேறினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'V'யில் தொடங்கும் வேலாயுதம் கடைசியில் கிடப்பார்! வாசலில் சீர்த்தட்டும் மாலையுமாக மேளத்தோடு நின்றிருந்தார் அவர். மாமன் மாலை போடாமல் பெண் மணவறைக்கு வரமாட்டாள். அவர் மாலையைத் தட்டில் வைத்துவிட்டு அண்ணாச்சியிடம் சொன்னார்: "நம்ம வரிசை வரும்போது ஆளனுப்பும் மச்சான். நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கேன்."

பஸ் ஸ்டாண்டில்

"மெஷின் கோளாறு" என்று முதலாளி எல்லோரிடமும் சமாளித்துக்கொண்டிருந்தார். உள்ளறைக் கதவிடுக்கில் மணப்பெண் கண் கலங்கி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகூர்த்தம் நெருங்கியது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

வேலாயுதம் நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அத்தனை பயணிகள் முன்னாலும், "மெஷின் இல்லை மாமா, நான்தான். அண்ணாச்சி உங்களைத்தான் முதல்ல சொன்னாங்க. நான் எழுத்து வரிசையில மாத்திட்டேன்" என்று அழுதேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வேலாயுதம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒனக்கு மாமன் உண்டா?"

"உண்டு."

"பேரு?"

"ஆறுமுகம்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "பொழைச்சாரு ஒங்க மாமன்! எங்க புள்ளைக்கு நான்தான் போயாவணும். எறங்கு தாயி."

அதற்கப்புறம் எத்தனையோ பேரை எத்தனையோ விதமாக வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். என் கல்யாணத்தில் மட்டும் மெஷினே வேண்டாமென்று மைக்கை ஆறுமுகம் மாமாவிடமே கொடுத்துவிட்டேன்.