நிறுத்த மறந்த ஒலிப்பதிவு

போன வருடம், இத்தாலியின் பலெர்மோவில் தாதியர் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

இங்கே மாணவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. விரிவுரையைப் போனில் பதிவு செய்து, வீட்டில் கேட்டுக் கேட்டுச் சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்வார்கள். அதற்கென்று செயலிகள் இருக்கின்றனதான். ஆனால் எங்கள் பேராசிரியர் பாதியைச் சிசிலிய மொழியில் பேசுவார், செயலி உளறிவிடும். ஆகவே ஒரு வகுப்பை ஒருவர் என்று முறை வைத்து எழுதி, வட்ஸ்அப் குழுவில் போடுவோம். வாய்மொழிப் பரீட்சைக்கு எல்லோரும் படிப்பது அதைத்தான். நான் சில காலைகளில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, இத்தாலியப் பெண்மணியை, வீட்டில் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போவதால் அந்த வகுப்புகள் தவறிவிடும். குழு இல்லாவிட்டால் பரீட்சையை நினைக்கவே முடியாது.

குழுவை நடத்தியவள் ஒரு வகுப்புத் தோழி. கண்டால் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, 'தெசோரோ', அதாவது தங்கமே, என்று கொஞ்சுவாள். அவள் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. பதிவில் உள்ள எதையும் விடக்கூடாது, பேராசிரியரின் பகிடியைக்கூட.

என் முறை வந்தது. முதல் வரிசை மேசையில் போனை வைத்துப் பதிவு செய்தேன். இடைவேளையில் அதை நிறுத்த மறந்து கோப்பி குடிக்கப் போய்விட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, போர்கோ வெக்கியோ பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் எழுத உட்கார்ந்தேன். ஹெட்போன் பழுது, சத்தமாகவே ஓடவிட்டேன். பக்கத்தில் அம்மா உடுப்பு அயன் பண்ணிக்கொண்டிருந்தார். நீரிழிவுப் பாடம் முடிந்து கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, வெறிச்சோடிய வகுப்பில் தெளிவாக, பின் வரிசையிலிருந்து அந்தத் தெசோரோக்காரியின் குரல், இன்னொருத்தியுடன். கதை என்னைப் பற்றித்தான்.

"பரீட்சை கிட்ட வந்ததும் அவளைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவோம். பாதி வகுப்புக்கு வருவதில்லை, நாங்கள் எழுதியதைச் சும்மா படிக்கிறாள். அதுவரை இருக்கட்டும், முன்னால் இருந்து நன்றாகப் பதிவு செய்கிறாள்."

மற்றவள் சிரித்தாள். "படித்து என்ன செய்யப் போகிறாள்? கடைசியில் தாயைப் போல வீடு துடைக்கத்தானே."

பதிவை நிறுத்தினேன். அம்மாவுக்கு இத்தாலியன் நன்றாக விளங்கும். அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"விடு பிள்ளை. அவளவையோட கொளுவாதை. உந்தக் கதை எத்தினை வீட்டிலை கேட்டிருப்பன். எனக்கு முன்னாலை நிண்டுதான் கதைப்பினம். நான் விளங்காத மாதிரி நிலத்தைத் துடைச்சுக்கொண்டு நிப்பன். நீ சோதினையைப் பார்."

அவர்கள் சொன்னதைவிட அம்மா சொன்னதுதான் என்னைச் சுட்டது. இத்தனை வருடமும் இந்த மனிசி இப்படியா நின்றார்?

சட்டம் சட்டம்தானே. நீரிழிவுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் 'இடைவேளை' என்று தலைப்பிட்டு, அவர்கள் பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

"சிரிப்பையும் போட்டனியோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். அவர் அடுத்த சட்டையை எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் தெசோரோக்காரி எனக்குப் போன் எடுத்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தது என் மடத்தனம். தனிப்பட்ட பேச்சைப் பதிவு செய்தது அநியாயமாம். என் முதுகுக்குப் பின்னால் பேசியது அநியாயமில்லை, அது என் காதில் விழுந்ததுதான் அநியாயம். அன்றைக்கே என்னைக் குழுவிலிருந்து நீக்கினாள். எல்லோரும் வாசித்திருந்தார்கள், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அந்த வகுப்பில் ஆளுக்கொரு லப்டொப் இருந்தது, முதுகெலும்புதான் இல்லை.

ஒருத்தி மட்டும் எனக்கு விடுபட்ட பாடங்களைத் தனியாக அனுப்பினாள், 'நான் தந்ததாகச் சொல்லிவிடாதே' என்ற வரியோடு. வாங்கிக்கொண்டேன், நன்றியும் சொன்னேன். ஆனால் ஒரு நல்ல காரியத்தைக்கூடக் களவுபோலச் செய்ய வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் கோபம்தான் வந்தது.

பரீட்சையில் சித்தியடைந்தேன். இப்போதும் முதல் வரிசைதான், போனும் மேசையில்தான். இடைவேளை வந்தால் பின்வரிசைக்காரர் எழும்பி வெளியே போய்த்தான் கதைக்கிறார்கள்.

விளங்கியும் விளங்காதவர் போல நிற்க அம்மாவுக்கு வேலை என்றொரு கட்டாயம் இருந்தது. அந்தக் கட்டாயம் எனக்கு வரக்கூடாது என்றுதான் அவர் அத்தனை வீடுகளையும் துடைத்தார் என்பதை, ஒவ்வொரு முறை பதிவைத் தொடங்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.