கம்பளியின் மேல் விழுந்த பழி

எங்கள் கீழ்வீட்டுத் தோருன் பத்தொன்பது வருடங்களாக, பெர்கன் நகரத்தின் மலைச்சரிவிலுள்ள சான்விக்கன் பகுதியின் படிக்கட்டுகளில் ஏறி இறங்கித் தபால் கொடுத்தவள். விடாத மழையில் படகோட்டிகளே அலுத்துக்கொள்ளும் அக்டோபர் பிறந்துவிட்டால் அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்துவிடும். பரணிலிருந்து கம்பளித் துணிகள் இறங்கும். உடம்போடு ஒட்டிய மெல்லிய கம்பளிச் சட்டை, அதன் மேல் அவளே பின்னிய கழுத்து உயர்ந்த ஸ்வெட்டர், அதற்கும் மேல் மழைக்கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ். இப்படிக் கிளம்பினால் மழை அவளை ஒன்றும் செய்யாது. மூன்று மணிக்கு மேல் இருட்டத் தொடங்கும்போது வீடு திரும்புவாள். நடையிலேயே ஈரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெந்நீரில் குளித்து, தடித்த காலுறை மாட்டி, ஜன்னலில் நாலைந்து மெழுகுவர்த்திகளை ஏற்றுவாள். கடைசியாகக் கைக்கும் கழுத்துக்கும் கிரீம் தடவிக்கொண்டு கணப்புக்கு முன்னால் உட்காருவாள். கோடைக்காலத்தில் ஊருக்காக உடுத்துகிறோம், மழைக்காலத்தில்தான் நமக்காக உடுத்துகிறோம் என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

அவளுக்கு ஐம்பத்தொரு வயதான அந்த இலையுதிர் காலத்தில் விரல்கள் சிவக்க ஆரம்பித்தன. முதலில் மணிக்கட்டு அரித்தது. பிறகு கழுத்து. இரண்டு வாரத்தில் விரல் மடிப்புகள் பிளந்து, யாரோ ஒருவரின் கல்யாண அழைப்பிதழ் உறையில் ரத்தம் ஒட்டிவிட்டது. தபால் நிலையத்தில் மேலாளர், உள்ளே உட்கார்ந்து தபால் பிரிக்கும் வேலைக்கு மாறிக்கொள்கிறாயா என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் படிக்கட்டுகளை விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

மருத்துவர் கழுத்தையும் மணிக்கட்டையும் பார்த்துவிட்டு, ஸ்வெட்டர் உரசும் இடங்கள்தானே இவை, கொஞ்ச நாள் கம்பளியை நிறுத்திப் பாருங்கள் என்றார். எங்கள் ஊரில் ஒருவரிடம் கம்பளியை விடச் சொல்வது சோற்றை விடச் சொல்வது மாதிரி. தோருன் எல்லாவற்றையும் மடித்துப் பரணில் ஏற்றினாள். பருத்திச் சட்டையும் நைலான் மேல்சட்டையும் போட்டுக்கொண்டு போனாள். வியர்வை உள்ளேயே தங்கிக் குளிர்ந்துபோகும். உதடு நீலமாகித் திரும்பி வருவாள். படகு எஞ்சினில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் கணவர் யோஸ்டைன் முதல் இரண்டு நாள் கேலி செய்தார். மூன்றாம் நாளிலிருந்து அவள் வருவதற்குள் வெந்நீர்த் தொட்டியை நிரப்பி வைத்தார். மெழுகுவர்த்தி ஏற்றுவதை அவள் விட்டுவிட்டாள். கீழ் ஜன்னல் இருட்டாகவே கிடந்தது.

மிஞ்சியிருந்த ஒரே சுகம் கிரீம்தான். தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த சிக்னே, தோருனோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், தேன்மெழுகும் ரோஜா எண்ணெயும் சேர்த்துத் தன் சமையலறையிலேயே அதைக் காய்ச்சுவாள். தோழியின் கையைப் பார்த்துப் பதறி இன்னும் பெரிய டப்பாவாகக் கொடுத்தனுப்பினாள். அரிக்க அரிக்கத் தோருன் அதை அள்ளி அள்ளித் தடவினாள்.

ஐந்து வாரமாகியும் ஆறவில்லை. தோல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். மேலே தடவுகிற எல்லாவற்றையும், ஸ்வெட்டரிலிருந்து ஒரு சின்னத் துண்டையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். எது தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, திங்கட்கிழமை அந்த டாக்டரம்மா அவள் கொண்டுவந்தவற்றிலும் தன்னிடம் இருந்த மருந்துகளிலும் ஒவ்வொரு துளி வைத்த குட்டிப் பட்டைகளை அவள் முதுகில் வரிசை வரிசையாக ஒட்டி, வெள்ளிக்கிழமை வரை முதுகில் ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது என்றார்.

"நவம்பர் மாசத்துல, பெர்கன்ல, நனையாம இருக்கணுமா?"

"குடை பிடிச்சுக்கிட்டுப் போங்களேன்."

"டாக்டர், இந்த ஊர்ல குடை பிடிக்கிறவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும். கப்பல்ல வந்து இறங்கிற டூரிஸ்டுங்க."

கடைசியில் யோஸ்டைன் தன் பழைய மீன்பிடி அங்கியை அவள் மேல் போர்த்தி, ஏதோ கண்ணாடிச் சாமானைப் போலக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த வாரம் முழுவதும் விடுப்பு.

வேலை நாளில் பகல் நேரத்தில் தன் வீடு எப்படி இருக்கும் என்று தோருனுக்குத் தெரியாது. முதல் நாள் கூண்டுக்குள் அடைத்தது போல அறை அறையாக நடந்தாள். அவள் நடப்பது மாடியில் இருந்த எனக்கே கேட்டது. இரண்டாம் நாள் நான் போனபோது சோபாவில் சாய்ந்திருந்தாள். காலுக்கு மேல் போர்வை, பக்கத்தில் இலவங்கப்பட்டை போட்ட பன், வெளியே கூரையைப் பிளப்பது போலக் கொட்டும் மழை. ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. சும்மா இருப்பது கூட நன்றாகத்தான் இருக்கிறது என்று கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்.

புதன்கிழமை பட்டைகளை எடுத்துவிட்டு, எந்தக் கட்டத்தில் என்ன என்று முதுகில் மையால் குறித்து அனுப்பினார்கள். அன்று மாலை சிக்னே கடையை மூடிவிட்டு வந்தாள். தோருனைக் குனிய வைத்து, முதுகில் துளி கூடத் தெறிக்காமல் சமையலறைத் தொட்டியில் தலை அலசிவிட்டாள். குனிந்தபடியே தோருன் பேசினாள்.

"கம்பளிதான்னு சொல்லிட்டாங்கன்னா என்னடி பண்றது? வெயில் ஊருக்கா போக முடியும்? அங்க போய் நான் என்ன செய்வேன், பீச்சுல தபால் குடுப்பேனா?"

"பேசாம இரு. சோப்பு வாய்க்குள்ள போகும்," என்றாள் சிக்னே. ஆனால் துண்டால் தலையைத் துவட்டும்போது அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா முதுகைக் கட்டம் கட்டமாகப் பார்த்தார். பிறகு ஒரு கண்ணாடியைப் பிடித்து அவளுக்கே காட்டினார். கம்பளி வைத்திருந்த கட்டத்தில் தோல் பால் போலச் சுத்தமாக இருந்தது. இரண்டு கட்டங்கள் மட்டும் சிவந்து தடித்திருந்தன. ஒன்று டாக்டரம்மாவே சோதனைக்கு வைத்த வாசனை எண்ணெய். மற்றது சிக்னேயின் கிரீம். கம்பளியைப் போடலாமா என்று தோருன் மூன்று முறை கேட்டாளாம். மூன்று முறையும் டாக்டரம்மா போடலாம் என்றாராம். மூன்றாவது முறை சொன்னதும் அவள் அந்த நாற்காலியிலேயே உடைந்து அழுதுவிட்டாள். டாக்டரம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

காரில் ஏறிய பிறகுதான் அடுத்த கவலை வந்தது. இதைச் சிக்னேயிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்லட்டுமா என்று யோஸ்டைன் கேட்டார். வேண்டாம் என்று தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டாள். முதுகு இனி நனையலாம் என்பதால் கோட்டுப் பொத்தானைக் கூடப் போடவில்லை.

கடையில் வேறு யாரும் இல்லை. தோருன் சுற்றி வளைக்காமல் சொன்னாள். சிக்னே கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். இந்தக் கோடையில்தான் எண்ணெயை வேறு இடத்திலிருந்து வாங்கத் தொடங்கியதாகவும், வாசனை தூக்கலாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு முன்பைவிட அதிகமாக ஊற்றியதாகவும் மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப இத்தனை நாளா நான்தான் உன்னைக் கொன்னுக்கிட்டு இருந்தேனா?"

"கொல்லலடி. தோலை மட்டும்தான் உரிச்ச."

சிக்னே சிரிக்கவில்லை. அலமாரியில் அடுக்கியிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைப் பையில் போட்டாள். போட்டு முடித்ததும்தான் சிரிப்பு வந்தது. பிறகு இரண்டு பேராலும் நிறுத்த முடியவில்லை.

அன்று மாலையே கிரீம் வாங்கியவர்களுக்கெல்லாம் சிக்னே போன் செய்தாள். ஒருத்திக்குக் கன்னம் அரித்துக்கொண்டிருந்ததாம். அவள் வீட்டுப் பூனைதான் காரணம் என்று முடிவு கட்டி, அதைத் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். மறுநாளே போய்ப் பூனையைத் திருப்பி அழைத்து வந்தாள். பூனை ஒரு வாரம் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று கேள்வி.

தோருன் மருந்துக் கடையின் வாசனையில்லாத களிம்புக்கு மாறினாள். நான்காவது வாரம் விரல் வெடிப்புகள் மூடிக்கொண்டன. மேலாளரிடம் படிக்கட்டு வேலையே போதும் என்று சொல்லிவிட்டாள். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது பெரும் புயல் அடித்தது. அன்று அவள் ஸ்வெட்டரோடு வேலைக்குப் போய், தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தாள். வாசல் படியில் என்னைக் கண்டதும் கையை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். சொரசொரப்பாக, சிவப்பு இல்லாமல், ஒரு தபால்காரியின் கையாக இருந்தது.

"உள்ள ஒரு பொட்டு ஈரம் இல்ல," என்று கழுத்துப் பட்டையை இழுத்துக் காட்டிவிட்டுக் குளிக்கப் போனாள்.