வரிசையின் கடைசியில் விழுந்த எண்

பால் சங்கத்துச் செயலாளர் ஒரு அம்மாளின் முந்தின நாள் சீட்டை இரண்டு விரலால் பிடித்து, வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். எருமைப்பால்; ஆறுக்கு மேல் இருக்க வேண்டிய கொழுப்பு 2.4. அந்தக் கை உயர்ந்த விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ராஜபாளையத்தில் ஒரு சிறிய எலெக்ட்ரானிக்ஸ் பட்டறையில் வேலை பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் இருந்த அந்த ஊர்ச் சங்கத்துக்கு நாங்கள் ஒரு பெட்டி செய்து கொடுத்திருந்தோம். பாலின் கொழுப்பை அளக்கும் மெஷின் தன் எண்ணை ஒரு கேபிள் வழியாக ஒவ்வொரு எழுத்தாக அனுப்பும். எங்கள் பெட்டிக்குள் இருந்த மைக்ரோகன்ட்ரோலர் அதை வாங்கிச் சீட்டு அடிக்கும். அதற்கான புரோகிராம் நான் எழுதியது.

செயலாளர் செத்து வெகுகாலம் ஆகிறது. என் கோபம் சாகவில்லை. யார் எங்கே நிற்பது என்பதை அவர்தான் முடிவு செய்வார். அவருடைய தெருக்காரர்கள் முதலில். ஓடைக்கு அந்தப்பக்கத் தெருக்காரர்கள் எத்தனை சீக்கிரம் வந்தாலும் கடைசியில். ஒற்றை எருமை வைத்திருந்த அந்த அம்மாள் ஓடைத் தெருக்காரி. அந்த மாதத்தில் மூன்று முறை அவருக்குக் கொழுப்புக் குறைவாக விழுந்திருந்தது. பாலில் தண்ணீர் கலக்கிறார் என்று சங்கத்திலிருந்து பெயரை நீக்க இருந்தார்கள். மெஷினைப் பார்க்கச் சொல்லி அவர் சண்டை போட்டதால்தான் என்னை வரவழைத்தார்கள்.

“அந்தத் தெருவே தண்ணி ஊத்துத தெருதான், தம்பி,” என்றார் செயலாளர், அந்த அம்மாள் காதில் விழும்படி.

முதலில் வந்த பத்துப் பேருடைய பாலைப் பார்த்தேன். மெஷினில் தெரிந்த எண்ணும் சீட்டில் விழுந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன. கேபிளில் அறுந்த கம்பி இல்லை. மெஷினும் பெட்டியும் ஒரே வேகத்தில்தான் பேசிக்கொண்டன. கோளாறு இல்லை என்று எழுதித் தரச் சொன்னார் செயலாளர். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிளம்பும்போது அந்த அம்மாள் குறுக்கே வந்தார்.

“செத்த நேரம் இருங்க, சார். எம் பாலை ஊத்துத வரைக்கும் நின்னு பாத்துட்டுப் போங்க.”

பஸ் வந்துவிடும் என்றேன். அடுத்த பஸ் ஒரு மணி நேரத்தில் இருந்தது. உண்மையில், செயலாளர் வாங்கித் தந்த டீயைக் குடித்துவிட்டு அவர் முகத்துக்கு எதிரே அந்த அம்மாள் பக்கம் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த வாரமே அந்த அம்மாளின் பெயரைச் சங்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து மறுபடி அழைப்பு. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்த செயலாளரின் மச்சான் அன்றைக்குக் கடைசியில் நிற்க வேண்டியதாயிற்று. அவர் சீட்டிலும் இரண்டு சொச்சம்! உடனே செயலாளருக்கு மெஷின் கோளாறாகிவிட்டது. இந்த முறை கடைசி ஆள் வரை நின்றேன். குளிர்விக்கும் தொட்டி பாதி நிறைந்ததும் அதன் மோட்டாரைப் போட்டார்கள். மெஷினில் 6.4, சீட்டில் 2.4. அடுத்தவருக்கு 6.1, சீட்டில் 7.1. மோட்டாரை நிறுத்தினால் எல்லாம் சரி. தன் நாற்காலியிலிருந்தே எல்லோரையும் பார்க்க வேண்டும் என்று செயலாளர் மெஷினைத் தன் மேஜைப் பக்கம் நகர்த்தியிருந்தார். கேபிளை நீட்டிய வயர்மேன் அதை மோட்டார் வயர் போகும் குழாய்க்குள்ளேயே திணித்திருந்தான். மோட்டாரின் மின் இரைச்சலில், எழுத்தைச் சுமக்கும் துடிப்புகளில் ஒரே ஒன்று புரண்டால் போதும், ஆறு இரண்டாகிவிடும். கூடுதலாக விழுந்த சீட்டை வாங்கியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

இதில் என் பங்கும் உண்டு. எழுத்து வரும் வழியில் கெட்டுப்போனால் கண்டுபிடிக்க, ஒவ்வொன்றோடும் ஒரு சோதனைத் துடிப்பையும் மெஷின் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அவசரத்தில் எழுதிய என் புரோகிராம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தூக்கி எறிந்தது.

கேபிளை வெளியே எடுத்துத் தனியாக இழுத்துவிட்டு, அந்த அம்மாளின் பால் நல்ல பால்தான் என்று செயலாளரிடம் சொன்னேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. “மெஷின் நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தது நீங்கதான, தம்பி?”

ஓடையைத் தாண்டி அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மோட்டார், கேபிள், என் புரோகிராம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

“இதை எங்கிட்ட எதுக்கு, சார், சொல்லுதீக? எம் பாலுல தண்ணி இல்லைன்னு எனக்குத் தெரியும். அங்க வரிசையில நிக்கிறவுககிட்டப் போயிச் சொல்லுங்க.”

சரி என்றேன். மறுநாள் காலை, திருத்திய புரோகிராமைப் போடப் போனேன். வரிசையில் நாற்பது பேர் இருப்பார்கள். மோட்டார் ஓடியது. மெஷினில் 6.3, சீட்டிலும் 6.3. செயலாளர் அவர்கள் பக்கம் திரும்பி, மெஷினில் பெரிதாக ஒன்றும் இல்லை, சார் சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்தார் என்று சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.